எம்-சாண்டில் ஒரு பள்ளம்

டேப்பை நீட்டினால் எழுந்து போய்விடுகிறது டோக்கன்.
கட்டிப்போடத்தான் வருகிறேன் என்று நினைப்பு.
ரேஷன் கடை வரிசையிலிருந்து என் பின்னால் வந்த நாய்,
அதனால் அந்தப் பேர்.
மூன்று நாள் துரத்தினேன். நாலாம் நாள் விட்டுவிட்டேன்.

விருதம்பட்டில் எங்கள் தெருமுனையில்
யாரோ கட்டும் வீட்டுக்கு இறக்கிய
எம்-சாண்ட் குவியல் மேல்தான் அதன் தூக்கம்.
காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது பார்த்தேன்:
அது இல்லை.
அது படுத்த பள்ளம் இருந்தது.
முதுகு வளைந்த இடம்,
முட்டி அழுந்திய இடம்,
வால் சுற்றி முடித்த இடம்.
குனிந்து அளந்தேன்.
இரண்டடி ஓரங்குலம். ஒன்றே முக்காலடி.
டிக்கெட் பின்னால் எழுதி நிமிர்வதற்குள்
பஸ் போயிருந்தது.

ராணிப்பேட்டையில் ஷூவைப் பெட்டியில் போட்டு மூடும் வேலை எனக்கு.
மெஷின் வந்த பேக்கிங் மரத்தை
கேட்டுக்கு வெளியே எடைக்கு விற்பார்கள்.
காட்பாடி போகிற குட்டியானையில் ஏற்றி
நானும் பின்னால் உட்கார்ந்தேன்.
பாலாற்றுப் பாலத்தில் காற்று
பலகைகளைத் தூக்கப் பார்த்தது.
மேலே படுத்துக்கொண்டேன்.

ஆணி பிடுங்கவே ஒரு ஞாயிறு.
நிமிர்த்த இன்னொரு ஞாயிறு, இடது கட்டைவிரல் நகமும்.
"பொம்பள சுத்தி புடிச்சா இப்டித்தான்"
மாடியிலிருந்து ஒரு குரல்.
ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு மூடி அழுத்துகிற கை இது.
சொல்லவில்லை.

வாசல் எந்தப் பக்கம்?
தெற்கு ஆகாது என்றான் தம்பி.
மேற்கில் மூன்று மணி வெயில்.
கிழக்கிலிருந்து ஐப்பசிச் சாரல்.
மிச்சம் வடக்கு,
எதிரே தணிகாசலம் வீடு.
டோக்கனைப் பிடித்துப் போகச் சொல்லி
மாநகராட்சிக்கு மூன்று மனு போட்டவர்.
நாலாவது எழுதிக்கொண்டிருந்தாரோ என்னவோ,
ஆடியில் போய்விட்டார்.

கூரைக்கு மட்டும் பலகை போதவில்லை.
இடுக்கு விட்டு விட்டு அடித்தேன்.
கம்பத்தில் கட்டிய அவர் கண்ணீர் அஞ்சலி பேனர்
ஆவணிக் காற்றில் அறுந்து சாக்கடையோரம் கிடந்தது.
கழுவிக் காயவைத்து மேலே போர்த்தினேன்.
வெள்ளைப் பக்கம் வானத்துக்கு, படம் உள்ளுக்கு.
மரியாதைக்கு என்று சொல்லிக்கொண்டேன்.
யாரும் பார்க்கக் கூடாதே என்பதுதான் நிஜம்.

நாலு செங்கல் மேல் நிறுத்தியபின்தான் கவனித்தேன்,
ஈரம் ஆகாது என்று பக்கப்பலகையில் அச்சடித்த குடை
தலைகீழாக வந்திருந்தது.
இருக்கட்டும்.

டோக்கன் ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு
எம்-சாண்டுக்கே போயிற்று.
ஒரு மாதம் போயிற்று.
பிறகு மேல்தளம் போட ஆட்கள் வந்து
குவியலை அள்ளி மிக்சரில் கொட்டினார்கள்.
முதுகு, முட்டி, வால் எல்லாம்
யாரோ ஒருவர் கூரைக்குள் இறுகிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரியே மழை.
விடிந்து, பிரஷ்ஷை வாயில் வைத்தபடி எட்டிப்பார்த்தால்
உள்ளே சுருண்டிருக்கிறது,
மூக்கை வாலில் புதைத்து,
கையகலம்கூட மிச்சமில்லாமல்.

பால் பாக்கெட்டோடு வந்த பச்சையம்மாக்கா நின்றார்.
குனிந்தார்.
நாய்க்கு மேலே அவர் வீட்டுக்காரர்,
ஓர் இடுக்கில் கண்,
அடுத்த இடுக்கில் மீசை.
எனக்கு வாய் நிறைய நுரை.
துப்பவும் முடியவில்லை.

"ஒழுவுதா?"
தலையாட்டினேன், இல்லை என்று.
"எங்க ஊட்ல ஒழுவுது.
இருந்தவரிக்கும் அண்ணாந்து பாத்துகினேதான் இருந்தாரு."

கொஞ்ச நேரம் மழை மட்டும்.
"மிச்சம் கீதா அதுல?"

கால் துண்டு இருந்தது,
தோற்றம் மறைவு தேதி போட்ட பக்கம்.
கொடுத்தேன்.
சுத்தியும்,
நிமிர்த்தி வைத்த ஆணி ஆறும்.