பாதி ஆயுள்

இருபது நிமிடம்.
அதற்குள் பாதி செத்துவிடும்
ஈயப் பெட்டியில் நான் தூக்கிப்போகும் மருந்து.
இன்னொரு இருபதில் மிச்சத்தில் பாதி.
துர்க்கு ஆஸ்பத்திரிச் சுரங்கப் பாதையில்
என் செருப்புச் சத்தம் கேட்டாலே
சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள்,
சவ வண்டி தள்ளும் ஓய்வாவும்கூட.

மறுமுனையில் இர்மெலி.
பதினொரு வருடமாக அவளுக்கு ஒரே கேள்வி:
செரோட்டோனின் வந்து உட்காரும் இருக்கைகள்
சோர்ந்துபோனவர்களின் மூளையில்
எத்தனை இருக்கின்றன, எத்தனை காணோம்.
என் மருந்து போய் அந்த இருக்கைகளில் அமரும்,
மினுங்கும், அணையும்.
அணைவதற்குள் எண்ணிவிட வேண்டும்.

இன்று படுத்திருப்பவர் ரவுனோ.
தீவுகளுக்குப் போகும் படகில் என்ஜின் பார்த்தவர்.
நவம்பரிலிருந்து வேலைக்குப் போவதில்லை.
எந்த வருட நவம்பர் என்று படிவம் கேட்கிறது.
அந்த இடத்தை விட்டுவிட்டார்.
எங்கே வலிக்கிறது என்ற நர்சிடம்
நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.
நாங்கள் தலையைக் கட்டினோம்.

'தொண்ணூறு நிமிடம் அசையக் கூடாது.'
'எனக்கு வருவதே அது ஒன்றுதான்.'
இர்மெலி சிரித்துவிட்டாள்.
சிரித்ததை நினைத்து
மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

ஜூன் மாதம், இருட்ட மறுக்கும் ஓர் இரவில்
உறையைப் பிரித்தோம்.
அதுவரை வெறும் எண்கள்தான், நாற்பத்தொன்று;
எது நோயாளி, எது நலம் என்று அளந்தவளுக்கே தெரியாது.
சிவப்புப் புள்ளி நோயாளிக்கு, நீலம் நலத்துக்கு.
நிறம் ஏறியதும் பார்த்தால்
ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன,
சந்தை கலைந்த தெருவில் ஜனம் மாதிரி.
சராசரியில் வித்தியாசம் உண்டு.
மயிரிழை.
கட்டுரைக்குப் போதும்.

ரவுனோ நீலங்களின் நடுவே சௌக்கியமாக இருந்தார்.
எல்லோருக்கும் கீழே, தனியாக,
தாளின் விளிம்பைத் தொட்டபடி ஒரு நீலம்:
எண் பதினேழு.
ஆள் கிடைக்காத வாரத்தில்
தானே படுத்துக்கொண்ட இர்மெலி.

கருவியின் அளவைச் சரிபார்த்தாள்.
இரண்டாம் முறையும்.
'நான் நன்றாகத்தான் தூங்குகிறேன்,'
என்றாள், யாரும் கேட்காமலே.

அக்டோபரில் ரவுனோ வந்தார்,
பஸ் டிக்கெட்டுக்கான பணம் வாங்க.
கையெழுத்துப் போட்டபின் போகவில்லை.
'படத்தில் ஏதாவது தெரிந்ததா?'
இர்மெலிக்குப் பொய் வராது.
'உங்களுடையதில் தனியாக ஒன்றும் இல்லை.'
தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார் விரலில்.
'அப்போ இதை நானாகத்தான்
எனக்குச் செய்துகொள்கிறேனா?'

'இல்லை.'
அவள் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.
'இல்லை. எங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை.
அதைச் சொல்கிறேன்.'

அறைக்குள் மணி அடித்தது,
அடுத்த மருந்து தயார்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
அந்தப் பதில் அவருக்குள் எங்காவது போய் உட்கார்ந்ததா என்று
முகத்தைப் பார்க்க நின்றிருந்தால்
பாதி போயிருக்கும்.