கட்டியாச்சா?

ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.
கதவு திறந்த காவலாளியின் வணக்கமும்
உள்ளே தந்த எலுமிச்சைத் தண்ணீரும்
அதில் சேர்த்தி போல.

காதர் நவாஸ்கான் சாலை, சனிக்கிழமை, மணி நாலு.
வெல்வெட் தட்டில் படுத்திருந்தது.
நீல முகம், பூனை மீசை மாதிரி முள்,
முதுகுக் கண்ணாடி வழியே
ஒரு பொடிச் சக்கரம் முன்னும் பின்னும் துடிக்கிறது.
"பேட்டரி கிடையாது மேடம். கை அசைஞ்சாலே ஓடும்.
கழற்றி வெச்சாலும் நாப்பது மணி நேரம் தாங்கும்"
என்றான் நிஷாந்த்.
"கேஷா மேடம், இஎம்ஐயா?
பன்னெண்டு மாசம். வட்டியே கிடையாது."

யாரிடம் போய்ச் சொல்கிறான்.

பெருங்குடியில் மூன்றாவது மாடி.
ஹெட்செட்டை மாட்டியதும்
பிலோமினா ப்ரியா ஆகிவிடுவாள்.
காலை எட்டுக்கு முன் யாரையும் கூப்பிடக் கூடாது,
மாலை ஏழுக்குப் பின்னும் கூடாது.
இடைப்பட்ட நேரம் முழுக்க எனக்கு ஒரே கேள்விதான்:
சார், இந்த மாசம் கட்டியாச்சா?

வட்டியில்லாத் தவணை
வட்டியை எங்கே ஒளித்து வைக்கும் என்று
எனக்குத் தெரியும்.
ப்ராசஸிங் கட்டணத்தில், அதன் தலையில் ஏறும் ஜிஎஸ்டியில்,
ரொக்கக்காரனுக்கு மட்டும் காதோடு சொல்லும் தள்ளுபடியில்,
ஐந்தாம் தேதி கணக்கில் நானூறு ரூபாய் குறைந்துபோனால்
வந்து விழும் அபராதத்தில்.

அம்பத்தூர் சபாபதி வாங்கியதும் வாட்ச்தான்.
மச்சினன் கல்யாணத்துக்கு, இருபத்துநாலு மாசத் தவணையில்.
மூன்றாவது மாசம்
கோயம்பேட்டில் பஸ் ஏறும் நெரிசலில்
யாரோ உருவிக்கொண்டான்.
"கையில கட்டினது போயிடுச்சும்மா,
பேங்க்ல கட்டுறது மட்டும் போக மாட்டேங்குது."
அழைப்பு பதிவாகிக்கொண்டிருந்தது.
ம்யூட்டில் போட்டுவிட்டுச் சிரித்தேன்.
பிறகு திரும்ப வந்து
எப்போ சார் கட்டுவீங்க என்றேன்.

அதனால்தான் ரொக்கமாகக் கொண்டுவந்தேன்.
கைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்,
ரப்பர் பேண்டு போட்ட ஐநூறுகள்.
ஆபீஸ் வாசல் டீக்கடையில்
'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று ஒரு பலகை.
ஆறு வருஷமாகப் படிக்கிறேன்.
அந்த நாளை இன்னும் வரவில்லை.
எனக்கும் வரக் கூடாது.
கையில காசு, வாயில தோசை.
எந்த ப்ரியாவும் என்னைக் கூப்பிட முடியாது.

மிஷின் எண்ணத் தொடங்கியது.
முந்நூற்று எழுபத்திரண்டு தாள்.
அந்தச் சரசரப்பில்
லூர்து அக்கா நோட்டைப் புரட்டும் சத்தம்.

ராயபுரத்து லூர்து அக்கா. இருபது மாசச் சீட்டு.
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
ஏழாம் மாசமே கேட்டு, ஐம்பதாயிரம் தள்ளி
எடுத்த பணம் இது.
இன்னும் பதின்மூன்று மாசம் பாக்கி.

ஊரார் கடனின் ஒளிவிடம் எல்லாம் தெரிந்தவள்
என் டப்பாவுக்கு அடியில் பார்க்கவில்லை.
ரொக்கம் என்றுதான் நானும் கூப்பிட்டேன் அதை.
நிஷாந்தின் தவணையே மலிவு போல.
லூர்து அக்கா கட்டியாச்சா என்று கேட்க மாட்டாள்.
ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில்
நோட்டை விரித்துப் பிடிப்பாள், அவ்வளவுதான்.

அவன் அதை என் மணிக்கட்டில் பூட்டினான்.
கை நடுங்கியது.
நடுக்கத்தையும் அசைவு என்று எடுத்துக்கொண்டு
முள் இன்னும் உற்சாகமாக ஓடியது.
"பில் போட்டுடலாமா மேடம்?"

நாளைக்கு அறுபது பேர் என்னிடம் சொல்வதை,
அதே இழுப்போடு,
அதே நடுவில் ஒரு இருமலோடு சொன்னேன்:
அடுத்த வாரம் கண்டிப்பா, சார்.

அவனும் நம்பவில்லை. நானும் நம்புவதில்லை.
பணம் டப்பாவுக்கு அடியில் போனது.

தட்டில் திரும்பப் படுத்த பிறகும்
அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.
ஆட்டோவில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.
நாற்பது மணி நேரம்.
யார் கையும் இல்லாமல்
திங்கள் காலை எட்டு வரை ஓடும்.