உப்புப் பார்த்தல்

புயலில் விழவில்லை அந்தப் பழைய காப்பகம்.
புயல் அடங்கி ஒன்பதாம் நாள்,
இலை அசையாத ஒரு மத்தியானம்,
கிழக்குத் தூண் தானாக மடிந்தது.
உடைசலுக்குள் கைவிட்டேன்.
கம்பி இருந்த இடத்தில்
கருவாட்டு முள்போல் ஏதோ.
நெரித்தேன். செம்பொடி.

கடல் மணலும் உவர்க் கிணற்று நீரும் போட்டுக்
கட்டியது யாரென்று
அன்றைய அளவுப் புத்தகத்தில் இருக்கிறது.
கையெழுத்து அழகாக இருக்கிறது.

மூக்கையூரில் இப்போது புதுசு எழும்புகிறது.
வெள்ளம் நின்ற கோட்டுக்கு மேல் ஆறடி,
நெல்சனின் மூன்று சக்கர வண்டி ஏற ஒரு சாய்தளம்,
கொண்டலுக்கு முதுகு காட்டிய கதவு.
வரைபடம் என்னுடையது.
கதவைத் திருப்பி வைத்தவள் மட்டும்
சித்தாள் சவேரியாயி.
"பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு
காத்துக்கு எதிரா ஒரு கதவைத் தள்ளிப் பாருங்க மேடம்."
தள்ளிப் பார்க்கவில்லை.
கோட்டை அழித்து மாற்றினேன்.

லாரி மணல் வந்தால் ஒரு சிட்டிகை,
டேங்கர் தண்ணீர் வந்தால் ஒரு வாய்,
முதலில் அவள் நாக்குக்குப் போகும்.
வியாழக்கிழமை துப்பினாள்.
"கரிக்குது."
குத்தகைக்கார முத்திருளப்பன்
சோதனைச் சீட்டை நீட்டினார்.
முத்திரை, தேதி, எல்லாம் சரி.
"சீட்டை நான் நக்கிப் பாக்கலையே" என்றாள்.

டேங்கர் திரும்பிப் போனது.
அன்றைக்குக் கான்கிரீட் இல்லை.
இருபத்து மூன்று பேருக்குக் கூலி இல்லை,
அவளுக்கும்தான்.
கலவை மெஷின்காரன் வைதுகொண்டே சைக்கிளை எடுத்தான்.
கூட வேலைசெய்த தங்கச்சி
இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

குடம் பன்னிரண்டு ரூபாய்க்குக் குடிநீர் வாங்கும் ஊர்.
தளம் போட்ட பின் மேலே விரித்த சாக்கு
இருபத்தோரு நாள் காயக்கூடாது.
டேங்கர் வராத மூன்று நாளில்
யாரும் சொல்லாமல்
அரைக் குடம், கால் குடம்,
ஒரு தூக்குவாளி, ஒரு ஐஸ்பெட்டி மூடி
ஏணியில் ஏறி வந்தன.
மெஷின்காரன் தோளிலும் ஒன்று.
ஊற்றும் முன் ஒவ்வொன்றிலும் விரல் தொட்டு
நாக்கில் வைத்தாள்.
ஒன்றே ஒன்றைத் திருப்பி அனுப்பினாள்.
தங்கச்சி குடம்தான் அது.

நீளம், அகலம், உயரம், கன மீட்டர்.
என் அளவுப் புத்தகத்தில்
சுவைக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
அழித்தேன்,
பேனாவால் எழுதினேன்: கரிப்பு இல்லை.

தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார்.
கேட்கட்டும்.
கச்சான் தொடங்கிவிட்டது.
புத்தக அட்டையில் இப்போதே
வெள்ளையாய் ஏதோ படிகிறது.