முறுக்கு அகலத்தைத் தின்னும்

மூன்று கண்ணியைக் கழற்றிச் சின்ன ஊசியில் மாட்டு,
முன்பக்கம் தொங்கவிடு.
அடுத்த மூன்றைப் பின்னு.
தொங்கியவற்றுக்கு இப்போது முறை வந்தாயிற்று, பின்னு.
அவ்வளவுதான் முறுக்கு.
புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம், நான்கு படம்.
எனக்கு விளங்கியது
படகின் கயிற்றைப் பிரித்துப் பார்த்தபோதுதான்.

சின்ன ஊசி இரண்டாம் நாளே
எஞ்சின் அறைத் தகட்டிடுக்கில் விழுந்து
எண்ணெய்த் தண்ணீரோடு போயிற்று.
வெல்டிங் கம்பி ஒன்றின் பூச்சைத் தட்டி உதிர்த்தேன்,
அரத்தில் தேய்த்தேன், முனையை மழுக்கினேன்,
கன்னத்தில் உரசிப் பார்த்தேன்.
குழந்தைச் சாமானுக்குப் பிசிறு ஆகாது.

பேரன்ட்ஸ் கடலில் இது பகலே இல்லாத மாதம்.
மேலே யோஸ்தைன்
ஆயிரம் ஆயிரமாய்த் தூண்டில் கட்டிய கயிற்றை இழுக்கிறான்.
கரையில் அவன் மனைவி இங்குன்னுக்கு நாள் நெருங்கிவிட்டது.
என் குழந்தை இல்லை. எனக்குக் குழந்தையே இல்லை.
போன குளிரில் வின்ச் என் கையைக் கவ்வியபோது
ஓடிவந்து அதை நிறுத்தியவன் யோஸ்தைன்.
இடது கையில் சுண்டுவிரலும்
மோதிரவிரலில் பாதியும் மட்டும்தான் போயின.
மீதியை வைத்துப் பின்னுகிறேன்.
நூல் அந்தப் பாதியில் சுற்றிக்கொண்டால் நழுவுவதில்லை,
அதற்கென்றே அளந்து வெட்டியது போல.

வெறும் பின்னலில் அளந்து கணக்குப் போட்டிருந்தேன்.
முதல் தப்பு அது.
முறுக்கு அகலத்தைத் தின்னும்.
எட்டு வரிசைக்கு ஒருமுறை
துணி மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறது, விடுவதில்லை.
சமையல்காரன் சிக்பியோர்ன் தூக்கிப் பார்த்து
"பாட்டிலுக்கு உறையா?" என்றான்.
முப்பது வரிசை.
பிரித்தேன்.
நூல் சுருள் சுருளாய் மடியில் விழுந்தது,
பட்ட முறுக்கையெல்லாம் மறக்காமல்.

கூட இருபது கண்ணி. மறுபடியும்.
காற்று வடக்கே திரும்பிய இரவில்
பம்ப் ஒன்று மக்கர் செய்து, போய்ச் சரிசெய்து,
கை கழுவி வந்து உட்கார்ந்தால்
எந்த வரிசை என்று தெரியவில்லை.
விரலால் தடவி எண்ணினேன்.
கடைசி முறுக்கிலிருந்து ஐந்து.
விளக்கை நம்புவதைவிட அது மேல்.

வார்டோ பக்கம் சிக்னல் வந்தது.
மூன்று நாள் முன்பே பிறந்துவிட்டிருந்தான்.
யோஸ்தைன் ஏணியில் இறங்கி வந்தான், ஒன்றும் பேசவில்லை,
பேசினாலும் இந்த இரைச்சலில் கேட்காது.
கைபேசியை நீட்டினான்.
தலையைப் பார்த்தேன்.
அப்பா! மிதவைதான்.

பாட்ஸ்ஃபியூரில், அவர்கள் சமையலறையில்,
இங்குன் சட்டையை மாட்டிப் பார்த்தாள்.
நெற்றியில் நின்றது.
இன்னொருமுறை. காதில் நின்றது.
பயல் வெந்த நண்டு நிறமாகிக் கத்தினான்.
யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
மார்பு அளந்தேன், நீளம் அளந்தேன்,
உடம்புக்கு மேலே ஒன்று இருப்பது
இத்தனை நாளில் நினைவுக்கே வரவில்லை.

கத்தரி கேட்டேன். கொடுக்கத் தயங்கினாள்.
இடது தோளின் தையலைப் பிரித்து
கண்ணிகளைத் திரும்ப ஊசியில் ஏற்றினேன்.
ஆறு வரிசை, மூன்று துளை.
கடை மூடியிருந்தது.
இரண்டு பொத்தான் என் வேலைச் சட்டையிலிருந்து,
மூன்றாவது அவள் கோட்டிலிருந்து, பச்சை.
காபி ஆறிப்போயிற்று.
இப்போது சட்டை தலைக்குள் போயிற்று.
இல்லை, சட்டைக்குள் தலை.

மார்ச்சில் வெளிச்சம் திரும்பியபோது போயிருந்தேன்.
முறுக்கு இரண்டும் நெஞ்சில் நேராக நின்றன.
அதை அவன் சட்டை செய்யவில்லை.
கழுத்தைத் திருப்பித் திருப்பி
பச்சைப் பொத்தானை வாயால் எட்டப் பார்க்கிறான்.
ஏழு சுற்று தைத்தது, தூண்டில் நூலில்.
இருந்தாலும்
கையைத் துடைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன்.
பயல் என் பாதி விரலைப் பிடித்தான்,
பிடித்த பிடியிலேயே
மீதியைத் தேடினான்.