பாடம் ஐந்து: உறக்கம்

புதுப் புத்தகம் வந்த கட்டு
கயிறுகூட அறுக்கப்படாமல்
பந்து அறையில், கிழிந்த வாலிபால் வலையின்மேல்
இரண்டு வாரம் கிடந்தது.
உடல்நலமும் உடற்கல்வியும், திருத்திய பதிப்பு.
அட்டையில் ஓடும் பிள்ளைகள்
எல்லார் காலிலும் ஷூ.

நுங்கம்பாக்கத்தில் மூன்று நாள் பயிற்சி.
திரையில் அம்புக்குறிகள், ஏலக்காய் டீ,
ஆளுக்கு இரண்டு க்ரீம் பிஸ்கட்.
உடல் என்பது மனமும்தான் என்றார் வகுப்பெடுத்தவர்.
என் பக்கத்து நாற்காலியில் திருவொற்றியூர் மாஸ்டர்
மனத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக்
குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பதினெட்டு வருஷமாக வெயிலில் நிற்கிறவள் நான்.
காசிமேட்டுக் காற்றுக்கு எதிராகக் கத்திக் கத்திக்
குரல் தகரமாகிவிட்டது.
கணக்கு டீச்சர் வந்து நிற்பார்,
'மிஸ், இந்த ஒரு பீரியட் மட்டும்.'
அந்த ஒரு பீரியடைச் சேர்த்துவைத்திருந்தால்
ஒரு மைதானமே வாங்கியிருப்பேன்.
இப்போது வாரத்தில் இரண்டு பீரியட்
எனக்கும் சுவருக்குள்ளே.
கரும்பலகை, சாக்பீஸ், நான்.
விசில் கழுத்தில் தொங்குகிறது
கல்யாண வீட்டில் ஹெல்மெட் மாதிரி.

மூன்றாம் பாடத்தைத் தலைமையாசிரியை
ஸ்டேபிள் அடித்துத்தான் கொடுத்தார்.
'வளரிளம் பருவத்தை வளர்ந்து தெரிஞ்சுக்கட்டும்.'
அரை நாளில்
வகுப்பு முழுக்கப் பின் சிதறிக் கிடந்தது.

ஐந்தாம் பாடத்தை யாரும் தடுக்கவில்லை.
பதினான்கு வயதில் ஒருவருக்கு
ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை.
வாசித்தேன். யாரோ சிரித்தார்கள்.
செயல்பாடு:
நேற்று எப்போது படுத்தாய், எப்போது எழுந்தாய்,
கட்டம் போட்டு எழுதுக.

எழுதினார்கள்.
பதினொன்று, ஐந்து.
தண்ணி லாரி வரும்வரை, பிறகு தெரியாது.
ஷர்மிளா பானு: அக்கா பிள்ளை அழாதபோது.
ரூத்: ஏழு மணி நேரம், உட்கார்ந்தபடி,
வீட்டுக்குள் மழைத்தண்ணி.
ஒருத்தன் போன் படம் வரைந்து
பேட்டரி இரண்டு சதவீதம் என்று போட்டிருந்தான்.
யுவனேஷ் கட்டமே போடவில்லை.
'ரெண்டு மணிக்கு ஏலம் மிஸ், ஐஸ் ஒடைக்கணும்.
பத்தரைக்குப் படுத்தேன், ஒண்ணே முக்காலுக்கு எழுந்தேன்.'
கழித்துப் பார்த்து நோட்டின் மூலையில்
அவனே எழுதியிருந்தான்:
மூணே கால்.

இந்த யுவனேஷைத்தான்
திங்கட்கிழமை பிரேயரில் கொட்டாவி விட்டதற்கு
மைதானத்தை ஐந்து சுற்று ஓடவிட்டேன்.
ஓடினான். நன்றாகவே ஓடினான்.
மண்டலப் போட்டிக்கு அனுப்பலாமே என்றுகூட
அப்போது நினைத்தேன்.

புத்தகத்தில் அடுத்த வரி:
ஆசிரியர் தகுந்த ஆலோசனை வழங்கலாம்.
பக்கத்தைப் புரட்டினேன். திரும்பவும் புரட்டினேன்.
என்ன ஆலோசனை?
மீனை எட்டு மணிக்கு மேல் வரச் சொல்லவா?

'தலையைக் கவுத்துப் படுங்க' என்றேன்.
ஏதோ தண்டனை என்று பார்த்தார்கள்.
'பாடம்தான். செய்முறை.'
நாற்பத்தொரு தலைகள் பெஞ்சில் கவிழ்ந்தன.
இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடியது.
துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள்
ஹாரன் அடித்துக்கொண்டே போயின.
அதற்கெல்லாம் எழுகிற பிள்ளைகளா இவை.

அந்த நேரம் பார்த்துத்தானா
புதுப் பாடத்திட்டம் எப்படிப் போகிறதென்று
ஆபீசிலிருந்து ஆய்வுக்கு வரவேண்டும்?
வந்தவர் கையில் படிவம்.
பின்னால் தலைமையாசிரியை,
முகத்தில் என் இடமாற்ற ஆணை.
வேலைக்கு வந்த நாள்முதல் முதல்முறையாக
என் குரல் சின்னதாக வந்தது.
'அஞ்சாவது பாடம் நடக்குது, சார்.'

அவர் தலைகளை எண்ணினார்.
வருகை, நாற்பத்தொன்று.
பங்கேற்பு என்ற கட்டத்தில் பேனா தயங்கியது.
'மதிப்பீடு எப்படிப் பண்ணுவீங்க?'
அவரும் கிசுகிசுப்பாகத்தான் கேட்டார்.

யுவனேஷின் வாயோரம் எச்சில் வழிந்து
நோட்டின் மூலையில் அந்த மூணே காலை
மெல்ல அழித்துக்கொண்டிருந்தது.
நான் அதைக் காட்டவில்லை.

மணியடிக்க இன்னும் பதினோரு நிமிடம்.
வாசலில் கணக்கு டீச்சர் வேறு வந்து நின்றார்.
உதட்டில் விரல் வைத்தேன்.