வலது இருக்கைக்கு

ரெமிஹியோ ஓயார்சோ டாக்சியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது
என் கடை ஷட்டர் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
புன்டா அரேனாஸில் அதற்குப் பெயர் நல்ல வானிலை.
மோசமான நாளில்
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.

பதினெட்டு வயது நிசான்.
கதவுத் தட்டியைக் கழற்றினால்
ஸ்பீக்கரின் விளிம்பு அப்பளமாய் நொறுங்கி விழுகிறது.
உள்ளே ஒரு சீப்பு, நூறு பெசோ நாணயம் மூன்று,
பரிசு விழாத லாட்டரிச் சீட்டு.
இத்தனை நாள் உங்கள் பாட்டுக்குத் தாளம் போட்டது இவைதான் என்றேன்.
சீப்பை மட்டும் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

முதல் நாள் முழுக்க ஒட்டும் வேலை.
கதவின் தகரத்தில் கறுப்பு ரப்பர் தாளை விரித்து
உருளையால் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு வீங்கியது.
ரப்பருக்கு இசை தெரியாது.
தகரத்தின் வாயைப் பொத்தத் தெரியும், அது போதும்.

இரண்டாம் நாள்
இருக்கைக்கு அடியில் ஆம்பிளிஃபயர்,
பேட்டரியிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் சிவப்பு ஒயர்.
ஆக்சிலரேட்டரை மிதித்தால்
பாட்டுக்குள் ஒரு கொசுவும் கூடவே வேகமெடுத்தது.
எர்த் சரியில்லை.
பெயிண்டின் மேலேயே திருகியிருக்கிறேன், என் தப்பு.
சுரண்டினேன்.
வெள்ளை போய், காவி போய்,
வெறும் இரும்பு கண்ணைக் கூசும்வரை.
கொசு செத்தது.

மூன்றாம் நாள்தான் அளவெடுப்பது.
மில்லி நொடிக்கு ஒரு முழம்கூட நகராது சத்தம்.
நாலு ஸ்பீக்கரும் நாலு தூரத்தில் இருக்க,
எல்லாம் ஒரே கணத்தில் காதைத் தொட வேண்டுமென்றால்
பக்கத்தில் இருப்பதைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும்,
தூரத்தில் இருப்பது வந்து சேரும்வரை.
இதை ஒரே ஓர் இருக்கைக்குத்தான் செய்யலாம்.
இரண்டுக்கும் என்று போனால் இரண்டுக்கும் இல்லை.

டேப்பின் நுனியை ஓட்டுநர் இருக்கையில் வைத்தேன்.
"அங்கே இல்லை, யாஸ்னா" என்றார்.
வலது இருக்கையைத் தட்டிக் காட்டினார்.

ஓட்டுகிறவர் நீங்கள் ஆயிற்றே.
பாட்டு முழுக்க உங்கள் பக்கத்துக் கதவோடு ஒட்டிக்கிடக்கும்,
பாடுகிறவன் ஜன்னலுக்கு வெளியே தொங்குவான்.

"தொங்கட்டும்.
பன்னிரண்டு மணி நேரம் ஹாரன் கேட்கிற காது இது.
அவள் ஞாயிறு மட்டும்தான் ஏறுகிறாள்."

அப்படியானால் அழைத்து வாருங்கள்,
காதின் உயரம் தெரியாமல் கணக்குப் போட முடியாது.

நெல்டா
கூரைத் தகரத்துக்கு எடுத்துவைத்த பணத்தைப் பற்றிப்
பேசிக்கொண்டே வந்தாள்,
பேசிக்கொண்டே உட்கார்ந்தாள்.
நான் நினைத்ததைவிட நாலு விரல் குள்ளம்.
போட்ட எண்களை எல்லாம் அழித்தேன்.
டேப்பை அவள் கம்மல் அருகே நீட்டியபோது
தையற்காரியா நீ என்று கேட்டாள்.
வலது கதவை ஒன்றரை மில்லி நொடி
வாசலில் நிற்க வைத்தேன்.

ஒரு ராஞ்சேரா.
அகார்டியன் மூச்சை உள்ளிழுத்தது.
கூரையைப் பாதியில் விட்டாள்.
டாஷ்போர்டின் நடுவில்,
புனிதர் படத்துக்கும் ஹீட்டர் துளைக்கும் இடையே
ஒன்றுமில்லாத இடத்தை உற்றுப் பார்த்தாள்.
"யார் இவன்?"

இருபது வருடமாக அவர் போடும் அதே பாட்டு.

ரெமிஹியோ இடது கதவில் தலை சாய்த்து
கோணலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி வரி ஓய்ந்ததும்
"பனிக்கு முன்னால்" என்றாள் நெல்டா,
விட்ட இடத்திலிருந்து, அவரிடம்.

அடுத்த வியாழன் மறுபடி வந்தார்.
நம்பர் பிளேட் அதிர்கிறதாம்.
பின்னால் ஃபோம் பட்டை ஒட்டினேன், காசு வாங்கவில்லை.
ஞாயிறு எப்படிப் போயிற்று?

"நீரிணை ஓரமாகக் கோட்டைவரை போனோம்.
சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்."
சாவியை விரலில் சுற்றினார்.
"அப்புறம் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள்.
குறைத்தால்தான் அவன் கிட்டே வருகிறானாம்."