நண்டு வண்டி

திருப்பாலைக்குடியில் பெட்டி ஏற்றும்போதே
ஐஸ் உருக ஆரம்பித்துவிடும்.
மண்டபம் கம்பெனியில் ஐந்து மணிக்கு எடை.
கருவேலங்காட்டு நடுவே காலிச் சாலை;
முள் எண்பதில் நின்று நடுங்கும்.

நாலு பத்துக்கு,
தேவிபட்டினத்துக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடம்.
இரண்டு பிள்ளைகள் கைகோர்த்துக் கடக்கும் பலகை.
உப்புக்காற்று தின்றதில்
ஒரு பிள்ளைக்குக் கால் இல்லை.

போன ஆடியில்
ஒரு சோற்றுத்தட்டு உருண்டு உருண்டு
சாலைக்கு வந்தது.
தட்டுக்குப் பின்னால் அவள்.

மிதித்தேன்.
பெட்டியெல்லாம் சரிந்து என் முதுகுக்குப் பின்னால் இடித்தது.
டயருக்கு ஒரு சாண் முன்னால்
தட்டு சுற்றி, சுற்றி, படுத்தது.

எடுத்தாள்.
நசுங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள்,
பாவாடையில் துடைத்தாள், போனாள்.
என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அதிலிருந்து அங்கே இருபதுதான்.
கடைசிப் பை கடக்கும்வரை நிற்பேன்.
வண்டியிலிருந்து சொட்டும் தண்ணீரில்
இரண்டு பேர் குதித்துவிட்டுப் போவார்கள்.

"பத்து நிமிஷம் எங்கப்பா போகுது தினமும்?"
கணக்கர் நைனா முகம்மது
கிலோவுக்கு இரண்டு ரூபாய் பிடிப்பார்.
தட்டைப் பற்றிச் சொன்னேன் ஒருதரம்.
நண்டு செத்துப்போச்சு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கேட் பூட்டிக் கிடக்கும்.
அப்போதும்
ஆக்சிலேட்டரை விட்டுக் கால் தானாக எழும்புகிறது.
பலகையில்
கால் இல்லாத அந்தப் பிள்ளை
இன்னும் கடந்து முடிக்கவில்லை.